ஹீட்டரில் வந்த மஞ்சள் வாசம்

எட்டாவது வரை படித்த நான் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்படிதான்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் எங்கள் பழைய காரில் நானும் கணவரும் கோவையிலிருந்து ஊட்டிக்குக் கிளம்பினோம். மலைக்குளிரில் தண்ணீர் உறையாமலிருக்க ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றச் சொன்ன மெக்கானிக்கிடம், "இதென்ன சர்பத்துங்களா, கலர் கலக்கி ஊத்தறதுக்கு? தண்ணியே போதுமுங்க" என்று கணவர் சிரித்தார்.

குன்னூர் தாண்டியதும் மேகம் இறங்கிப் பகலே மங்கிவிட்டது. குளிருக்கு ஹீட்டரைப் போட்டார். கொஞ்ச நேரத்தில், யாரோ மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தது போல வாசம் வந்தது. நான் அன்று மஞ்சள் பூசவில்லை. பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன், காலியாக இருந்தது. முன்கண்ணாடியின் உள்பக்கம் மஞ்சளாக ஆவி படர்ந்தது. துடைக்கத் துடைக்க மூடியது.

"ஏனுங்க, நிறுத்துங்க. வண்டிக்குள்ள யாரோ இருக்காங்க."

நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பள்ளம்.

"யாருமில்ல அம்மணி. ரேடியேட்டர் ஒழுகுச்சுன்னு மஞ்சத்தூளக் கரைச்சு ஊத்திப்போட்டேன்" என்றார். தூள் அடைத்துக்கொண்டு, ஹீட்டருக்குப் போகும் குழாய் வண்டிக்குள்ளேயே பிய்ந்து ஆவியைக் கக்கியிருந்தது.

இப்போதெல்லாம் ஒழுகினால் பட்டறையில் கொடுத்துப் பற்றவைத்துவிடுகிறோம். இன்ஜின் ஆறிய பிறகு, நல்ல தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றுகிறோம்.

அன்றைக்கு மறுநாள் கார் லாரியில் கோவைக்கு வந்தது. நாங்கள் பஸ்ஸில் மலையிறங்கினோம். அவர் பள்ளம் தெரியும் ஜன்னலோரம் உட்காரவில்லை.