ரசமட்டம் வைத்து வெட்டிய குளம்பு

தர்ஷினி, கிஷோர், குதிரையின் குளம்பை அரத்தால் ராவும்போது ஒரு வாசம் வரும். மழையில் நனைந்த தோற்செருப்பையும் பழைய மாட்டுக் கொம்பையும் ஒன்றாகப் போட்டு வைத்ததுபோல இருக்கும். முதலில் குமட்டும், அப்புறம் பழகிவிடும். போன மாதம் நுவரெலியா ஏரிக்கரையில் நீங்கள் இரண்டு பேரும் மட்டக்குதிரையில் ஏற வரிசையில் நின்றபோது, பக்கத்தில் ஒருவர் குதிரையின் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு குளம்பைச் சீவிக்கொண்டிருந்தார். அந்த வாசம் வந்ததும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். "அப்பா, அதுக்கு வலிக்காதா?" என்று தர்ஷினி கேட்டாள். "வலிக்காதும்மா" என்று சொல்லிவிட்டு உங்களைச் சோளம் வாங்கித் தருகிறேன் என்று அழைத்துப் போய்விட்டேன். அது பாதிப் பதில். மீதியை வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன். சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படித்தவன் எழுத்து, பிழை இருந்தால் டீச்சரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் தாத்தா, அதாவது என் அப்பா, தேயிலைத் தோட்டத்து மேசன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவர் வெடித்தாலும், பேக்டரியில் அடுப்புச் செங்கல் பெயர்ந்தாலும், தோட்டத்துத் தொரை பங்களாவில் படி உடைந்தாலும், "மேசனக் கூப்பிடு" என்பார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு ரசமட்டம் இருக்கும். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடும், அது இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றால் கட்டு மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். சாமி படம் மாட்டினாலும் அதன் தலையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அப்பா கும்பிடுவார். பாட்டி, அதாவது என் அம்மா, மலையில் கொழுந்து பறித்தார். இந்தக் கதையில் இருவரும் வருவார்கள்.

டவுனில் பந்தயக் குதிரை வைத்திருந்த ஒரு முதலாளிக்கு அப்பா கொட்டகை கட்டிக் கொடுத்தார். வேலை முடிந்த நாளில், இனி ஓடாது என்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு பெண் குதிரையைக் காட்டி, "மேசன், இத நீங்க கொண்டு போறீங்களா?" என்று அவர் கேட்டாராம். அப்பா யோசிக்காமல் சரி என்றுவிட்டார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆறு மைல் நடந்து, லயத்துக்கு முன்னால் வந்து நின்றபோது அம்மா சொன்ன முதல் வார்த்தை, "ஏங்க, இத எங்க படுக்க வைப்பீங்க, அடுப்படியிலயா?" என்பதுதான். பெயர் ரோசி. செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளை. முன் வலது கால் மட்டும் முழங்காலிலிருந்தே கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். அதனால்தான் பந்தயத்தில் பின்தங்கியது.

தொரையிடம் கேட்டு, பழைய மாட்டுக் கொட்டகையில் ரோசியைக் கட்டினோம். தரைக்கு அப்பாவே சீமெந்து பூசினார், சாணி கழுவ வசதியாக. சனி ஞாயிறுகளிலும், வசந்த கால சீசனில் லீவு நாட்களிலும் ஏரிக்கரைக்குக் கொண்டுபோய், வந்த பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று நடத்திக் கூட்டி வருவது என்று ஏற்பாடு. அதற்கு ரோசியின் கால் நன்றாக இருக்க வேண்டும். கால் கெட்ட குதிரைகளை ஏற்றிக்கொண்டு போக ஒரு லொரிக்காரர் வருவார். எங்கே கொண்டுபோகிறார் என்று யாரும் அவரிடம் கேட்பதில்லை.

ஏரிக்கரைக் குதிரைகளுக்கெல்லாம் குளம்பு வெட்டியவர் அந்தோனி மாமா. நமக்கு உறவில்லை, நான் அப்படிக் கூப்பிடுவேன். அவர் வந்தால் உடனே காலைத் தூக்கமாட்டார். முதலில் குதிரையைத் தன்னை நோக்கி நடத்தச் சொல்வார், பிறகு தன்னைவிட்டுப் போக நடத்தச் சொல்வார், பிறகு பக்கவாட்டில். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, குந்தியிருந்து, ஒரு வார்த்தை பேசாமல் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் குறடும் வளைந்த கத்தியும் அரமும் வெளியே வரும். ரோசியின் வலது காலில் அவர் உள்பக்க விளிம்பை வெளிப்பக்கத்தைவிடச் சற்று உயரமாகவே விட்டுவைப்பார். நாலு காலும் நாலு விதமாகத்தான் இருக்கும்.

அதுதான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. சீசனுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அந்தோனி மாமா வெட்டி முடித்த காலுக்குப் பக்கத்தில் அப்பா குனிந்து, முடி முடிந்து குளம்பு தொடங்கும் கோட்டில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி ஒரு பக்கமாக ஓடிப்போய் நின்றது.

"அண்ணே, ரெண்டு நூல் ஏறியிருக்கு" என்றார் அப்பா. நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று, மேசன்மார் கணக்கு.

"தெரியும். அது கால் அப்புடித்தான் இறங்குது. காலுக்குத் தக்கனதான் வெட்டணும், தரைக்குத் தக்கன இல்ல."

"நேரா நட்டத்துக்கு நிக்காத தூண நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

"தூணு நடக்குமா மேசன்?"

நான் சிரித்துவிட்டேன். அப்பாவுக்கு முகம் கறுத்தது. "கண்ணுக்கு மட்டம் தெரியாதவங்கதான் நடக்க விட்டு நடக்க விட்டுப் பாப்பாங்க" என்று ஒரு சொல் சொன்னார். அந்தோனி மாமா எழுந்தார். அரத்தைச் சாக்கில் சுற்றினார், "அப்ப நீங்களே வெட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தேயிலைக்கு நடுவில் இறங்கிப் போய்விட்டார்.

அப்பா வீம்புக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். தப்பான வேலையைக் கண்டால் அவருக்கு உறக்கம் வராது, அவ்வளவுதான். ஒரு அரம் வாங்கி வந்தார். அந்தச் சீமெந்துத் தரையில் ரோசியை நிறுத்தி, ஒவ்வொரு காலுக்கும் உள்பக்கமும் வெளிப்பக்கமும் அளவு எடுத்துக் கரியால் கோடு போட்டு, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை ராவினார். உயரமாக இருந்த உள்பக்க விளிம்பு தூளாக உதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கி மத்தியானம் வரை முதுகு நிமிரவில்லை. கடைசியில் நாலு காலும் அச்சில் வார்த்ததுபோல நின்றன. "இப்ப பாரு தம்பி, எப்புடி இருக்கு!" என்றார். நானும் கை தட்டினேன். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

சீசன் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் கூட்டம் நெரிந்தது. இரண்டாவது சுற்றிலேயே ரோசி தலையை ஆட்டி ஆட்டி நடந்தது. குளம்புக்கு மேலே கணு மூட்டு வீங்கியிருந்தது, தொட்டால் சுட்டது. அப்பா தேநீர் வாங்கப் போயிருந்த நேரம், பக்கத்துக் குதிரைக்காரர் முத்தையா அண்ணன் குனிந்து காலைப் பார்த்தார்.

"டேய் மேசன் மகனே, இத யாருடா வெட்டுனது?"

எனக்குப் பதினொரு வயது. சுற்றி நான்கைந்து குதிரைக்காரர்கள். அப்பா என்று சொன்னால் அந்த இடமே சிரிக்கும் என்று தெரியும். தேநீர்க் கோப்பைகளைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு அப்பா கூட்டத்தில் வந்துகொண்டிருந்தார்.

"அந்தோனி மாமா" என்றேன்.

"அவனுக்குக் கண்ணு போச்சு போல" என்றார் ஒருவர். "என் குதிரைய இனி அவன்கிட்ட குடுக்கமாட்டேன்பா" என்றார் இன்னொருவர். அப்பா வந்ததும் எல்லாரும் பேச்சை மாற்றிவிட்டார்கள். முத்தையா அண்ணன் மட்டும், "மேசன், இது தேறாது. லொரிக்காரருக்குச் சொல்லி விடவா?" என்று கேட்டார். அப்பா தேநீரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் ரோசி இல்லாமல் மருந்து வாங்க டவுனுக்குப் போனோம். ஏரிக்கரையில் அந்தோனி மாமா வழக்கமான இடத்தில் சாக்கை விரித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தள்ளி, வேறொரு ஆள் இரண்டு குதிரைகளுக்குக் குளம்பு வெட்டிக்கொண்டிருந்தான். அது என் பொய்யால்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. ரோசிக்கு எண்ணெய் பூசினோம், துணி கட்டினோம், வீக்கம் வற்றவில்லை. அந்தோனி மாமாவைக் கூப்பிட அப்பாவுக்கு மனம் வரவில்லை. கூப்பிட்டால் என் பொய் வெளியே வரும் என்று எனக்குப் பயம். நடுவில் அந்தக் குதிரை மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது.

அம்மாதான் அந்த முடிச்சை அவிழ்த்தார். ஒரு நாள் பின்னேரம் மலையிலிருந்து வந்தவர், வெறுங் கூடையைக்கூட இறக்காமல், அப்பா ரோசியைத் தண்ணீருக்கு நடத்திக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இங்க பாருங்க. அந்தக் காலு ஒரு அடிக்கு ரெண்டு தடவ தரையத் தொடுது."

"என்னா உளர்றே?"

"காத வச்சுக் கேளுங்க. மத்த காலெல்லாம் டக்குனு விழுது. இது வெளிப்பக்கம் ஒருக்கா தட்டி, அப்புறம் உள்பக்கம் மடேர்னு விழுது. ஒவ்வொரு அடிக்கும் அந்த மூட்டு ஒரு குலுக்கு குலுங்குதா இல்லையா? பத்துக் கிலோ கொழுந்தத் தலையில மாட்டிக்கிட்டுப் பள்ளத்துல இறங்குற எனக்குத் தெரியாதா, காலு எப்புடி வைக்கணும்னு? நின்னா மட்டமா இருக்குங்க. நடந்தா இல்ல."

அப்பா இன்னொரு முறை நடத்தினார். கேட்டார். மூன்றாவது முறை அவரே குந்திக்கொண்டு பார்த்தார், அந்தோனி மாமா பார்ப்பதுபோலவே. நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, ரோசியை மெதுவாக நடத்திக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். போகும்போதே மத்தியானமாகிவிட்டது. குதிரைக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். அப்பா அந்தோனி மாமாவுக்கு முன்னால் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அண்ணே, இந்தக் கால வெட்டுனது நாந்தான். ரசமட்டம் வச்சு வெட்டுனேன். ஒங்களப் பேசுனதும் தப்பு, வெட்டுனதும் தப்பு."

குதிரைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் சிரிப்பு வெடித்தது. "ரசமட்டமா? மேசன், குதிரைய செவருனு நெனச்சிட்டீங்களா?" "சாந்து பூசலியா மேசன்? வெள்ளையும் அடிச்சிருக்கலாமே!" அப்பா தலை குனியாமல் நின்று அவ்வளவையும் வாங்கிக்கொண்டார்.

அந்தோனி மாமா சிரிக்கவில்லை. "அப்ப நான் வெட்டுனேன்னு சொல்லி என் பொழப்புல மண்ணப் போட்டது யாரு?" என்று கேட்டார். முத்தையா அண்ணன் மெதுவாக என்னைப் பார்த்தார். அவர் பார்த்ததை அப்பா பார்த்தார். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "அந்தப் பேச்சு எங்க வீட்டுல இருந்து வந்துச்சுண்ணே. அதுக்கும் நாந்தான் பொறுப்பு" என்றார்.

அந்தோனி மாமா எச்சிலைத் துப்பினார். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு குந்தினார். பிறகு, "நடத்துங்க" என்றார்.

ரோசியை வரவும் போகவும் நடத்தினோம். காலைத் தூக்கி, வெளிப்பக்க விளிம்பில் மட்டும் அரத்தை நாலைந்து இழுப்பு இழுத்தார். "வெட்டுனத ஒட்ட முடியாது மேசன். உள்பக்கம் தானா வளரணும். ஒன்றரை மாசம் யாரையும் ஏத்தாதீங்க. சீசன் போச்சு, குதிர இருக்கும்" என்றார்.

சீசன் போனது. குதிரை இருந்தது. ஒன்றரை மாதமும் அப்பா வாரத்துக்கொரு தரம் அவரை அழைத்து வந்தார். உள்பக்க விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து இறங்கி வந்தது. ஒரு நாள் அந்தக் கால் டக்கென்று ஒரே சத்தமாக விழுந்தது. அம்மா அடுப்படியிலிருந்தே, "இப்ப சரி" என்று குரல் கொடுத்தார். ரோசி அதன்பின் பதினொரு வருடம் எங்களோடு இருந்து, வயதாகி, கொட்டகையிலேயே படுத்து இறந்தது. லொரியில் ஏறவில்லை. அப்பா என்னை அடிக்கவில்லை, அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் கயிற்றை என் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். அத்தனை பேரின் சிரிப்புக்கு நடுவில் நின்று "நான் செய்தது தப்பு" என்று சொல்லும் ஓர் ஆளுக்கு மகனாகப் பிறந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அதைப் பார்க்க வைத்த அம்மாவுக்கும், அந்தக் குதிரைக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

இப்போது அந்தக் கொட்டகை இல்லை, அங்கே யாரோ லீக்ஸ் பயிர் போட்டிருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் இல்லை. முத்தையா அண்ணனின் பிள்ளைகள் கொழும்பில். போன மாதம் ஏரிக்கரையில் குளம்பு சீவிக்கொண்டிருந்தவர் அந்தோனி மாமாவின் மருமகன். நீங்கள் சோளம் தின்றுகொண்டிருந்தபோது திரும்பிப் போய் விசாரித்தேன். "மாமா இருக்காருங்க, வீட்டோடதான்" என்றார். உங்களைக் கூட்டிக்கொண்டு போக எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு ஹட்டனிலிருந்து காலை பஸ்ஸில் நான் மட்டும் போனேன். வாசலில் வெயிலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேசன் மகன் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார். "மாமா, நீங்க வெட்டுனதா அன்னைக்குப் பொய் சொன்னது நாந்தான்" என்றேன். முப்பது வருடத்துக்கு மேல் சுமந்தது, சொல்லி முடிக்க இரண்டு நொடிகூட ஆகவில்லை.

"அத விடு. ரோசிக்கு அந்த வலது காலு கடைசி வரைக்கும் நல்லா இருந்திச்சா?"

"இருந்துச்சு மாமா."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் அவர் கால்களைப் பார்த்தேன். குனிய முடியாத மனிதர். கால் நகங்கள் வளர்ந்து, மஞ்சளாகத் தடித்து, விரலைச் சுற்றி வளைந்திருந்தன. உள்ளே போய் வீட்டாரிடம் நகவெட்டி கேட்டேன், இல்லை. ஒரு கத்தரிக்கோல் கிடைத்தது. சுடுதண்ணீரில் கால்களை ஊற வைத்து, தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு விரலும் திரும்பியிருக்கிற பக்கம் பார்த்து மெதுவாக வெட்டினேன். வலது கால் முடிந்து இடது காலை மடியில் எடுத்து வைக்கும்போது அவர் தூங்கிப்போயிருந்தார். அதையும் முடித்து, நகத்துண்டுகளைப் பேப்பரில் பொறுக்கி எடுத்து வேலியோரம் புதைத்துவிட்டு, சத்தம் போடாமல் படலைச் சாத்திக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கினேன்.