குனிந்ததுதான் குற்றம்

கோஸ் அறுத்த வயலில் கழித்துப்போட்ட வெளி இலைகளை யார் வேண்டுமானாலும் பொறுக்கிக்கொள்ளலாம். சுன்ரே பிறந்து வளர்ந்த அந்த மலையூரில் அதை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை. சியோலிலிருந்து வந்து நிலம் வாங்கிய ஹ்வாங்தான் சொன்னான். கம்பத்தில் கேமரா மாட்டி, போலீசுக்கும் போனான்.

"சூப்புக்கு ரெண்டு மூட்டை இலை. அதுக்குத் திருட்டு வழக்கு. நல்லா இருக்கு தம்பி உங்க சட்டம்," என்றாள் சுன்ரே.

காவல் நிலையத்தில் எதிரே உட்கார்ந்திருந்த காவலர் பியோனுக்கு அவள் மகன் வயது. வீடியோவைத் திருப்பிக் காட்டினான். ஹ்வாங் வந்து நிற்கிறான். சுன்ரே மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, இடுப்பு மடங்கக் குனிந்து மன்னிப்புக் கேட்கிறாள்.

"தப்பில்லன்னா எதுக்கும்மா குனிஞ்சீங்க?"

"பஸ்ல ஒருத்தன் என் காலை மிதிச்சாலும் நான்தான் குனிவேன். நீ குனிய மாட்டியா? உங்கம்மா உன்னை அப்படியா வளர்த்தா?"

பியோன் காதைச் சொறிந்தான். அவனும் குனிகிறவன்தான். "சின்னக் குற்றம்மா. தெரியாம திருடிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, எச்சரிச்சு அனுப்பிடறோம். இல்லன்னா கோர்ட்டு."

சுன்ரேயின் பையில் ஊர்க்கூடத்துச் சமையலறைச் சாவி இருந்தது. ஊர் அரிசியும் எண்ணெயும் அவள் பொறுப்பு. திருடி என்று எழுதிக் கொடுத்தவளிடம் அந்தச் சாவியை எவன் விட்டுவைப்பான்? சட்டம் இரக்கம் காட்டுகிறதாம். செய்யாத திருட்டை ஒப்புக்கொண்டால்தான் அந்த இரக்கமும் கிடைக்குமாம். இது என்ன கொடுமை!

"போட மாட்டேன். கோர்ட்டுக்கே போறேன்."

கோர்ட்டில் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. "அற்பப் பொருள், வயசானவங்க. வருந்தினது வீடியோவிலயே தெரியுது," என்றார் நீதிபதி. "குற்றம் உண்டு, தண்டனையை நிறுத்திவைக்கிறேன். போயிட்டு வாங்கம்மா."

பியோன் நிம்மதியாக மூச்சு விட்டான். சுன்ரே நகரவில்லை.

"நான் வருந்தல ஐயா. மரியாதைக்குக் குனிஞ்சேன். சாட்சி வச்சு முழு விசாரணை கேட்டு மனு போடப்போறேன். திருடி இல்லன்னு சொல்லுங்க, இல்ல ஜெயில்ல போடுங்க. மன்னிக்க மட்டும் செய்யாதீங்க."

நீதிபதி அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார். கிளம்பும்போது குனிந்து வணங்கிவிட்டுப் போவது அங்கே வழக்கம். "குனிங்கம்மா," என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தான் பியோன்.

வாழ்நாளெல்லாம் வளைந்த முதுகு அதுவாகவே முன்னால் சாயப் பார்த்தது. சுன்ரே சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்தபடியே வெளியே நடந்தாள்.