சின்ன திரிக்லாவில் மூன்று அடி

ஸ்லோவேனியாவில் எங்கள் போஹின் வட்டாரத்தில் வின்கோவிடம் வழி கேட்டுக்கொண்டு திரிக்லாவ் மலை ஏறப் போனவர்கள் ஏராளம். கேட்காதவர்களுக்கும் அவரே வலியச் சொல்லியிருப்பார். ரயிலடியிலிருந்து மலையடிவாரம் வரை பஸ் ஓட்டிய மனிதர். முதுகுப்பையோடு யார் ஏறினாலும் கண்ணாடியில் பார்த்து ஆரம்பித்துவிடுவார்.

"சின்ன திரிக்லாவ் தாண்டினதும் முகடு ரொம்பக் குறுகல். கீழ பார்க்காதே. இரும்புக் கயித்தை விடாதே. நான் ஏறினப்போ பாதி இடத்துல கயிறே கிடையாது, தெரியுமில்ல?"

எந்தப் பாதி என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள், கேட்கவில்லை. வின்கோ திரிக்லாவ் ஏறியதே இல்லை.

எங்கள் நாட்டுக் கொடியில் அந்த மலை இருக்கிறது, காசில் இருக்கிறது, கசாப்புக் கடைக் காலண்டரில் இருக்கிறது. ஒரு தடவையாவது அதில் ஏறாதவன் ஸ்லோவேனியனே இல்லை என்பது எங்கள் கட்சி. முதல் தடவை ஏறியவரை உச்சியில் குனியவைத்துப் பின்பக்கத்தில் கயிற்றால் மூன்று அடி அடிப்போம். அடிப்பவர் முன்பே ஏறியவராக இருக்க வேண்டும். பெரிய வக்கீலானாலும் குனிந்துதான் ஆக வேண்டும்.

இளவயதில் வின்கோவும் பஸ் பணிமனைக் கூட்டாளிகள் இருவரும் போனார்கள். முதலில் வரும் சின்ன திரிக்லாவ் வரை பிரமாதமாக ஏறினார். அங்கிருந்து பெரிய உச்சிக்குப் போகும் முகட்டைப் பார்த்தார். இரண்டு பக்கமும் கிடுகிடு பள்ளம். கால் வரமாட்டேன் என்றது. "நீ இங்கயே உக்காரு. போயிட்டு வந்துடறோம், மூணு பேரும் ஏறினோம்னே சொல்லிக்கலாம்" என்றார்கள் கூட்டாளிகள். நல்ல மனசுக்காரர்கள். ஒருவர் செத்துப்போனார், இன்னொருவர் ஆஸ்திரேலியாவுக்கே குடிபோய்விட்டார். வீட்டில் "ஏறினியாடா?" என்று கேட்டதற்கு வின்கோ "ம்" என்றார். அந்த ஒரு "ம்" வளர்ந்து மலையேறும் சங்கத்தில் ஆண்டுதோறும் பேருரையாகி, கடைசியில் அவர் சட்டையில் ஒரு கௌரவப் பதக்கமாகவும் ஏறி உட்கார்ந்துவிட்டது.

இப்படியே காலம் போயிருக்கும். மகனுக்குப் பெண் அமைந்த இடம்தான் வினை. பெண்வீடு நாட்டின் கிழக்கு மூலையில், முர் ஆற்றுக்கு அப்பால், தோசைக்கல் போன்ற சமவெளி. நிச்சயதார்த்த விருந்தில் வின்கோவின் வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்க ஊர்ல ஒசரமான எடம் எது சம்பந்தியம்மா? நாரைக் கூடா?"

பெண்ணின் தாய் கிசெலா விதவை. ஜாம் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிரித்துக்கொண்டே பூசணிவிதை எண்ணெயை அவர் தட்டில் தாராளமாக ஊற்றினார்.

"ஆமாம் சம்பந்தி. அதுவும் நாரை இல்லாதப்பதான் ஏற முடியும்."

"திரிக்லாவ் ஏறாதவங்க பாதி ஸ்லோவேனியர்தான், கோச்சுக்காதீங்க."

"எதுக்குக் கோச்சுக்கப் போறேன்? மீதிப் பாதியை நீங்கதான் குடுக்கணும். கூட்டிட்டுப் போங்களேன்."

மேசையே கைதட்டியது. பிள்ளை தேதி குறித்தான். வின்கோ அன்று ராத்திரி தூங்கவில்லை.

அந்தத் தேதிக்கு மழை வரும் என்று நம்பினார். வரவில்லை. முழங்கால் வலிக்கும் என்று நம்பினார். அதுவும் துரோகம் செய்தது. பதக்கத்தைக் குத்திக்கொண்டு, அடிக்கிற கயிற்றையும் பையில் போட்டுக்கொண்டு விடியும்போது கிளம்பினார். கிசெலா வாடகைத் தலைக்கவசத்தோடும், கசகசாவும் பாலாடைக்கட்டியும் அடுக்கிச் சுட்ட பலகாரம் நிறைந்த பெரிய டப்பாவோடும் வந்து சேர்ந்தார். வழி நெடுக வின்கோ பேசிக்கொண்டே போனார். பூவின் பெயர், பாறையின் வயது, தான் நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே வழியில் பாடிக்கொண்டு ஏறியது. கடைசி விடுதியில் பார்லிக் கஞ்சி குடித்தபோது மட்டும் பேச்சு நின்றது. அதற்கு மேல் பாறைதான்.

பாறையில் அடித்த ஆணிகளையும் இரும்புக் கயிற்றையும் பிடித்து இருவரும் சின்ன திரிக்லாவின் தலையில் வந்து நின்றபோது, கடவுள் வின்கோ பக்கம் இருந்தார். கனத்த மேகம் நாலா பக்கமும் அடைத்துக்கொண்டது. கைநீட்டினால் கை தெரியவில்லை.

வின்கோ மூச்சை இழுத்துவிட்டார். "வந்தாச்சு."

"எங்க?"

"உச்சிக்கு. இதான் திரிக்லாவ்."

கிசெலா சுற்றிப் பார்த்தார். எங்கள் நாட்டில் அந்த உச்சியில் நிற்கும் ஆள் உயரத் தகரக் கோபுரத்தைப் படத்தில் பார்க்காத குழந்தை கிடையாது.

"கோபுரம் எங்க சம்பந்தி?"

மனிதருக்கு எப்படித்தான் வாய் வருகிறதோ. "பெயின்ட் அடிக்கக் கீழ எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"கோபுரத்தையேவா?"

"ஹெலிகாப்டர்ல. நீங்க குனியுங்க, மேகம் கலையறதுக்குள்ள சடங்கை முடிச்சுடலாம்."

கிசெலா குனிந்தார். வின்கோ கயிற்றை எடுத்து, இல்லாத தகுதியோடு, மெதுவாக மூன்று போட்டார். பையிலிருந்த அவுரிநெல்லிச் சாராயத்தை இருவரும் ஒவ்வொரு மூடி குடித்தார்கள். "இப்ப நீங்க முழு ஸ்லோவேனியர்" என்று கைகுலுக்கினார். அந்தக் கையை அவர் விடுவதற்குள் காற்று ஒரு தடவை வீசியது. மேகம் திரை விலகுவதுபோல விலகிப் போனது. எதிரே, ஒரு முகட்டுக்கு அப்பால், இதைவிட உயரமாக ஒரு மலை நின்றது. அதன் தலையில் வெயிலில் மின்னிக்கொண்டு கோபுரம். அதைச் சுற்றி எறும்பு எறும்பாக ஜனங்கள்.

கிசெலா கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்த்தார்.

"பெயின்ட் சீக்கிரம் காஞ்சுடுச்சு போல" என்றார்.

வின்கோ பதக்கத்தின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார், அதுதான் பேசிவிடப் போகிறது என்பதுபோல. கிசெலா கத்தவில்லை, அதற்கு மேல் கேலியும் செய்யவில்லை. வின்கோவின் முகத்தைப் பார்த்தார், முகட்டைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது.

"நீங்க இங்கயே உக்காருங்க சம்பந்தி. நான் போயிட்டு வந்துடறேன். ரெண்டு பேரும் ஏறினோம்னே பிள்ளைங்க கிட்ட சொல்லிக்கலாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அதே பாறை, அதே வார்த்தை, அதே நல்ல மனசு. செத்துப்போன கூட்டாளி எதிரே நின்று பேசுவதுபோல இருந்தது. இன்னும் ஒரு நாற்பது வருஷம் பொய் சொல்ல ஆயுள் இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவமானத்தில் வின்கோவுக்குக் கண் கலங்கியது.

"நானும் வர்றேன்."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்தான். இருந்துட்டுப் போகட்டும். என் பையையே பாத்துட்டு வா வின்கோ." மலைமேல் யாரும் யாருக்கும் 'நீங்க' கிடையாது என்பது எங்கள் வழக்கம். கிசெலா அதைச் சரியான இடத்தில்தான் பிடித்துக்கொண்டார்.

போனார்கள். ஊருக்கெல்லாம் "கீழ பார்க்காதே" என்று சொன்ன மனிதர் கீழே பார்த்தார், உறைந்தார், இரும்புக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு அன்னை மரியாளிலிருந்து பஸ் பணிமனை மேலாளர் வரை எல்லோரையும் கூப்பிட்டார். பின்னால் வரிசையாக நின்ற ஆட்கள் பொறுமையாக விசில் அடித்தார்கள். முன்னால் கிசெலாவின் பைக்குள் டப்பா கடகடவென்று ஆடிக்கொண்டே போனது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தார்.

உச்சியில் கை பட்டதும் வின்கோ கோபுரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அங்கேதானா அந்த ஆள் இருக்க வேண்டும்? எங்கள் ஊர்க் கசாப்புக் கடை போல்டே. மலையேறும் சங்கத்தின் செயலாளர், வின்கோவின் சட்டையில் பதக்கத்தைக் குத்தியவரே அவர்தான். ஒரு விஷயம் அவர் காதில் விழுந்தால் தொத்திறைச்சியோடு சேர்த்து வீட்டுக்கு வீடு போய்விடும்.

"அட நம்ம வின்கோ! ரெண்டாவது தடவையா? யாரு, சம்பந்தியம்மாவா? முதல் தடவையா? எல்லாரும் நகருங்கப்பா, நம்ம பழைய சிங்கம் அடிக்கப் போகுது!"

கூட்டம் வட்டம் கட்டியது. வின்கோ கையில் கயிறு தானாக வந்து சேர்ந்தது.

கிசெலா குறுக்கே புகுந்தார். "எனக்கு ஏற்கெனவே அடிச்சாச்சுங்க. சின்ன திரிக்லாவ்லயே வாங்கிட்டேன். அவசரம் எனக்குத்தான்."

"அங்க வாங்கினது செல்லாதும்மா!" போல்டே வயிறு குலுங்கச் சிரித்தார். "இங்கதான் கணக்கு. ம், அடி வின்கோ!"

அடித்துவிட்டால் முடிந்தது. கிசெலா வாயே திறக்கமாட்டார், அவர் முகத்திலேயே அது எழுதியிருந்தது. பதக்கம் பதக்கமாகவே இருக்கும், கல்யாணத்தில் தலைமேசையில் உட்கார்ந்து இன்னொரு உரையும் ஆற்றலாம். வின்கோ கயிற்றை ஓங்கினார். கை மேலேயே நின்றது. பிறகு கயிற்றைப் போல்டே கையில் திணித்துவிட்டு, கோபுரத்தைப் பார்த்துக் குனிந்தார்.

"என்னடா இது கூத்து?"

"அடி போல்டே."

"உனக்கு எதுக்கு? நீதான் அந்தக் காலத்துலயே..."

"ஏறல. சின்ன திரிக்லாவ்லயே உக்காந்துட்டேன். இன்னிக்குத்தான் முதல் தடவை. அடி."

சுற்றி நின்றவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். போல்டே சிரிக்கவில்லை. அவர் வாய் பேச்சில்லாமல் திறந்தபடியே நின்றது, எங்கள் ஊரில் அரிதாகக் கிடைக்கும் காட்சி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று குனிந்திருந்த வின்கோவுக்கும் தெரியும். காதெல்லாம் கொதித்தது. ஆனாலும் நிமிரவில்லை.

பக்கத்தில் கல் சரசரத்தது. தலையைத் திருப்பிப் பார்த்தார். கிசெலா தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, அவருக்குப் பக்கத்திலேயே குனிந்து நின்றார்.

"எங்க ரெண்டு பேருக்குமே முதல் தடவைதான்" என்றார் போல்டேவிடம். "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி அடிப்பா."