மூன்று என்று எண்ணியவர்

என் வீட்டுக்காரர் மலையில் வயர்மேன். நான் மலையடிவார சப் ஸ்டேஷனில் ஆபரேட்டர். காலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரே வண்டியில் கிளம்புவோம். என்னை இறக்கிவிட்டு அவர் கல்வராயன் மலை ஏறிவிடுவார். மலைக்குப் போகும் மின்கம்பியின், எங்கள் பேச்சில் மலை ஃபீடரின், ஒரு முனையில் நான், மறுமுனையில் அவர். பதினோரு வருடக் குடித்தனத்தில் பாதிப் பேச்சு ஆபீஸ் போனில்தான் நடந்திருக்கிறது.

வீட்டில் "இன்னாமே, வண்டி சாவிய எங்க வெச்ச?" என்று கத்துகிறவர், ஆபீஸ் போனில் "மேடம், மலை ஃபீடருக்கு எல்.சி. வேணுங்க" என்பார். அந்தப் பணிவைக் கேட்கவே எனக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்க்கலாம் போலிருக்கும். எல்.சி. என்றால் லைன் கிளியர். கம்பிமேல் கை வைக்கும் முன் கேட்டாக வேண்டும். நான் கரண்டை நிறுத்திவிட்டு ஒரு நம்பர் தருவேன். வேலை முடிந்ததும் அந்த நம்பரைச் சொன்னால்தான் மறுபடி கரண்ட் கொடுப்பேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பேனலில் புது ரிலே மாட்டினார்கள். மரக்கிளை சாய்ந்தோ, காற்றில் இரண்டு கம்பி மோதியோ அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் பிரேக்கரை விழவைத்துக் கரண்டை நிறுத்துவது ரிலேயின் வேலை. பழைய ரிலேயும் அதைச் செய்தது. புதியதற்குக் கொஞ்சம் சொந்த புத்தியும் உண்டு. விழுந்த பிறகு அரை நிமிடம் பொறுத்து, தானே கரண்டைப் போட்டுப் பார்க்கும். மறுபடி விழுந்தால் மறுபடி ஒரு தடவை போடும். மூன்றாவதாக விழுந்தால் 'லாக்' ஆகிப் பூட்டிக்கொள்ளும், அப்புறம் ஆள் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

மலையில் இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆறு மாதத்தில் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். டீக்கடை பல்பு அணைந்ததும் எண்ண ஆரம்பிப்பார்கள். ஒன்று, இரண்டு, மூன்றாவது தடவை அணைந்தால், "மூணு வாட்டி போச்சுப்பா, இனிமே வராது" என்று மிக்சியிலிருந்து அரைமாவை வழித்துக்கொண்டு ஆட்டுக்கல்லுக்குப் போய்விடுவார்கள். என் வீட்டுக்காரருக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது. வீட்டில் கரண்ட் போனால்கூடச் சோற்றுத் தட்டோடு விரல் மடக்குவார்.

அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. கரண்ட் வந்து ஒரு நிமிடம் நிலைத்து நின்றால், ரிலே பழையதை மறந்துவிடும். அடுத்து விழுவது அதற்கு மறுபடி முதல் தடவை. இதை நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். ரிலே பற்றி நான் வாயைத் திறந்தால் "வூட்லயும் மேடமா?" என்று கேலி பண்ணுவார், நானும் ரோஷத்தில் விட்டுவிட்டேன். அதற்கு இன்றுவரை என்னைத்தான் திட்டிக்கொள்கிறேன்.

ஒரு ஆடி மாத மத்தியானம், காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. சிக்னல் போகும் வளைவுக்கு முன்னால் நின்று அவர் போன் செய்தார்.

"மேடம், மேல டீக்கட கிட்ட புளியங்கிளை ஒண்ணு கம்பி மேல சாயுதாங்க. போய்ப் பாத்துட்டு, வேணும்னா திரும்பி வந்து எல்.சி. கேக்கறேன்."

"சரிங்க. ஜாக்கிரத."

கால் மணி நேரம் இருக்கும். பிரேக்கர் 'டப்' என்று விழுந்தது. அரை நிமிடத்தில் தானே ஏறியது. உடனே மறுபடி விழுந்தது, மறுபடி ஏறியது. இந்தத் தடவை நின்றது. காற்றில் கிளை விலகியிருக்கும் என்று நினைத்து, விழுந்த நேரங்களை லாக் புக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம் கழித்து மூன்றாவது 'டப்'.

ரிலேயின் சின்னக் கண்ணாடியைப் பார்த்தேன். ஒன்று என்று காட்டியது.

ரிலேயைப் பொறுத்தவரை இது முதல் தடவை, அரை நிமிடத்தில் மறுபடி கரண்டைப் போட்டுவிடும். அவர் டீக்கடை வாசலில் நின்று மூன்று எண்ணியிருப்பார். போன் எடுக்க வேண்டுமானால் இரண்டு கிலோமீட்டர் கீழே வர வேண்டும். கையிலோ கிளையை இழுக்கிற தொரட்டி இருக்கும். அந்த மனுஷனை எனக்குத் தெரியும்.

ரிலே தானே கரண்ட் போடுகிற 'ஆட்டோ'விலிருந்து ஃபீடரை யாரும் கேட்காமல் எடுக்கக்கூடாது. மலையில் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஹாஸ்டல் இருக்கிறது, கேள்வி வரும். நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. ஸ்விட்சை மேனுவலுக்குத் திருப்பினேன், இனி நான் போட்டால்தான் கரண்ட். எத்தனை செகண்ட் மிச்சமிருந்தது என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. லாக் புக்கில் 'பலத்த காற்று' என்று எழுதினேன். எழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து போன் அடித்தது.

"மேடம், கிளைய எடுத்தாச்சுங்க. கரண்ட் குடுத்து லைன சார்ஜ் பண்ணிடலாம்."

உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"எல்.சி. நம்பர் சொல்லுங்க."

"அது... மூணு வாட்டி போச்சுல்ல மேடம். லாக் ஆன பெறகுதான் தொரட்டிய மாட்டி இழுத்தேன்."

"லாக் ஆகல. நடுவுல கரண்ட் நின்னுச்சு இல்ல, அதோட பழைய கணக்கு போச்சு. உங்களுக்கு மூணு, ரிலேவுக்கு ஒண்ணு. அரை நிமிஷத்துல மறுபடி போட்டிருக்கும். நான் மேனுவல்ல திருப்பினேன்."

"தொரட்டி பச்சை மூங்கில் மேடம்" என்றார் மெதுவாக. "கையில க்ளவுஸும் இல்ல."

கரண்ட் கொடுக்க வேண்டும், கை போகவில்லை.

"கம்பிய விட்டுத் தள்ளி நிக்கறீங்களா?"

"தள்ளித்தாங்க நிக்கறேன். வளைவுக்கே வந்துட்டேன்."

"இன்னும் தள்ளிப் போங்க."

"இதுக்கு மேல போனா பள்ளம் மேடம்."

சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. கரண்டைக் கொடுத்தேன். நின்றது. ஸ்விட்சை மறுபடி ஆட்டோவில் போட மட்டும் மனம் வரவில்லை. ஷிப்ட் மாற்ற வந்தவரிடம், "காத்து அடங்கற வரைக்கும் மேனுவல்லயே இருக்கட்டும்ங்க" என்றேன்.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வண்டியோடு நின்றார். சட்டையெல்லாம் புளிய இலை. ஹெல்மெட்டைக் கழற்றாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் உட்காரும் முன் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னொண்ணும் போடு" என்றார்.

கையை ஓங்கினேன். அடிக்க முடியவில்லை. சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், கள்ளக்குறிச்சி வரும்வரை விடவில்லை.