மாமாவின் கிழிந்த ஸ்பீக்கர்

ஒரு பொருள் பழுதாகிவிட்டது என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு? அதை வைத்திருப்பவருக்கா, அதைப் பார்த்து இரக்கப்படுபவருக்கா? ஒன்பது வயதில் நான் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை. சைக்கிள் பஞ்சர் ஒட்டும் பசையும் என் பழைய பள்ளிச் சீருடையில் வெட்டிய துணியும் கையில் இருந்ததால், நேராக விடைக்கே போய்விட்டேன்.

அந்தமானில், போர்ட் பிளேரின் டாலிகஞ்சில் எங்கள் வீடு. அப்பா அரசு அலுவலகத்தில் எழுத்தர். வீட்டின் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு சாமான் அறை இருந்தது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வேலை தேடிக் கப்பலேறி வந்த என் தாய்மாமா, அபர்டீன் பஜாரில் ஒரு செல்போன் கடையில் சேர்ந்து, அந்த அறையில் குடியேறினார். அவரோடு ஒரு மின்சாரக் கிட்டாரும், அதன் ஒலியைப் பெருக்கித் தரும் ஒரு பெட்டியும் வந்து சேர்ந்தன. பெட்டிக்குள் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு ஸ்பீக்கர். பின்பக்கம் மூடியில்லாமல் திறந்தே இருக்கும்.

மாமாவுக்கு ஒரு ராக் இசைக்குழு இருந்தது. குழு என்றால் இருவர். கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவது மாமா. டிரம்ஸ் வாசிப்பது அவருடைய வங்காளி நண்பர். தெருவில் எல்லோரும் அவரை இந்தியில் ‘பங்காளி’ என்றே அழைத்தார்கள். தமிழில் அந்தச் சொல்லுக்கு உள்ள பொருளை நம்பி, அவர் நம் உறவுக்காரர் என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன். ‘பங்காளி அண்ணன்’ என்று மரியாதையாகக் கூப்பிடுவேன். “நல்லாக் கூப்பிடு, நாளைக்கு வந்து வீட்டுல பங்கு கேக்கட்டும்” என்பார் அப்பா.

அவர்கள் ஒத்திகை பார்க்கும் மாலைகளில் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து நான் கேள்விகள் கேட்பேன். கேள்விகளுக்கென்று ஒரு நோட்டே வைத்திருந்தேன். பதில் சொல்லும்போது மாமா சிரித்து மழுப்பமாட்டார். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, கடையில் வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோலப் பொறுப்பாகச் சொல்வார்.

“மாமா, ராக்னா பாறைதானே? பாட்டுக்கு ஏன் அந்தப் பேரு?”

“பாறை இல்ல பாப்பா, ஆட்டுறது. தொட்டில ஆட்டுறோம்ல, அதுக்கும் இங்கிலீஷ்ல அந்த வார்த்தைதான்.”

அந்தச் சத்தத்தில் எந்தக் குழந்தை தூங்கும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆயினும் எழுதிக்கொண்டேன்.

“ஏன் இப்படிக் கத்துறீங்க? யார் மேல கோபம்?”

“கோபம் இருக்கு. ஆளுதான் இல்ல.”

“டிரம்ஸ் இல்லாம வாசிச்சா அது ராக் ஆகாதா?”

“ஆகும். பங்காளிக்கு வேலை இல்லாமப் போயிரும்.”

“கிட்டார் கத்துக்க எத்தனை நாள் ஆகும்?”

“விரல் வலி நிக்க ஒரு மாசம். மத்ததுக்கு எத்தனை நாளுன்னு எனக்கே இன்னும் தெரியல.”

இவ்வளவும் கேட்ட நான், ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. மாமாவின் கிட்டார் ஏன் கரகரவென்று ஒலிக்கிறது என்பதே அது. வந்த புதிதில் அது மணி அடித்ததுபோலத் தெளிவாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள், தொண்டை கட்டிய ஆள் உரக்கப் பேசுவதுபோல ஆகிவிட்டது. அறையைக் கூட்டும்போது பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஸ்பீக்கரின் கறுப்புக் காகிதத்தில் நான்கு கிழிசல்கள், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி. எலி கடித்துவிட்டது என்று முடிவு செய்தேன். எலி அப்படி அளவெடுத்த மாதிரி நேர்கோட்டில் கடிக்காது என்பது எனக்குத் தோன்றவில்லை.

கிழிந்த சட்டை போட்டு வரும் பிள்ளையிடம் அதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று பள்ளியில் டீச்சர் சொல்லியிருந்தார். அதே நியாயத்தை ஸ்பீக்கருக்கும் நான் பொருத்தினேன். கேட்டால் மாமா சங்கடப்படுவார். ஆகவே கேட்கவில்லை.

அப்பாவுக்கு அந்தச் சங்கடம் எதுவும் இல்லை. “என்ன மாப்ள, மிக்ஸில கல்லப் போட்டு அரைக்கிற மாதிரி இருக்கு? ஸ்பீக்கர் கிழிஞ்சுபோச்சுன்னா மாத்தித் தொலையேன்” என்பார்.

“அது அப்படித்தான் மச்சான்” என்பார் மாமா. வசதி இல்லாதவர் சொல்லும் சொல்லாகவே அது என் காதில் விழுந்தது.

அந்த ஆண்டு பொங்கல் விழாவில், எங்கள் பகுதிக் குழு மாமாவுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியது. பிள்ளைகளின் கோலாட்டத்துக்கும் பரிசளிப்புக்கும் நடுவில் கிடைத்த இடைவெளி அது. விழாக் குழுவில் இருந்த அப்பாவிடம் அம்மா பல நாள் பேசி வாங்கித் தந்தது. அப்பா ஒரு நிபந்தனை வைத்தார். கார் நிக்கோபாரில் ஓர் ஒப்பந்ததாரரிடம் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை மாமாவுக்குத் தயாராக இருந்தது.

“மேடையேறு மாப்ள. கேக்குற மாதிரி இருந்துச்சுன்னா ரூம நீயே வச்சுக்க, நான் வாயே தெறக்கல. ஊருக்கு முன்னால என் மானத்த வாங்கினேன்னா, அடுத்த ஷிப்புல கார் நிக்கோபார். க்யா, மன்ஸூர்?”

“மன்ஸூர்” என்றார் மாமா. சம்மதம் என்று சொல்ல, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்த இந்திச் சொல்தான் வாயில் வரும்.

மாமா எங்களை விட்டுப் போய்விடுவார் என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. அதைத் தடுக்க ஒரு வழிதான் இருந்தது. விழா அன்று காலை மாமா வேலைக்குப் போனதும், சைக்கிளின் பஞ்சர் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட என் பழைய சீருடையிலிருந்து நான்கு பட்டைகள் வெட்டினேன். பசையைத் தடவி, காற்றில் காட்டி, ஒவ்வொரு கிழிசலின் மேலும் ஒட்டி, காயும்வரை விரலால் அழுத்திக்கொண்டிருந்தேன். இன்று நினைத்தாலும் சொல்வேன், வேலை சுத்தமாக இருந்தது.

அன்று மாலை மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டரை வரவழைத்து நிகழ்ச்சி தொடங்கவே தாமதமானதால், முன்கூட்டி வாசித்துப் பார்க்க மாமாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. கோலாட்டம் முடிந்ததும் பெட்டியை மேடையில் ஏற்றி, அதன் முன்னால் ஒரு மைக்கை வைத்தார்கள். இரண்டாவது வரிசையில் நான். எனக்கு ஒருபுறம் அப்பா, மறுபுறம் அம்மா.

மாமா முதல் தடவையாகக் கம்பிகளை ஓங்கி மீட்டினார். இனிமையாக ஒலித்தது. கோயில் மணியைப்போல, கரகரப்பு துளியும் இல்லாமல் ஒலித்தது.

பங்காளி அண்ணனின் கைகள் அந்தரத்தில் நின்றுவிட்டன. “அரே யார், ஆவாஸ் கிதர் கயா?” என்றார். சத்தம் எங்கே போயிற்று என்று அவர் கேட்டது மைக்கில் விழுந்து, அரங்கமே சிரித்தது.

மாமா பெட்டியின் பின்னால் குனிந்தார். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. எழுந்தபோது கிட்டார் உறையிலிருந்து எடுத்த ஒரு சவர பிளேடு அவர் விரலிடுக்கில் இருந்தது. அவர் கண்கள் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தன. நான் இரண்டு கட்டை விரல்களையும் உயர்த்திக் காட்டினேன். பிளேடு எதற்கு என்று யோசிக்கவில்லை. ஏதோ கம்பியை வெட்டப்போகிறார் என்று விட்டுவிட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிளேடைத் தாளில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, பாடத் தொடங்கினார்.

அது அவரே கட்டிய பாட்டு. தமிழும் இந்தியும் கலந்தது. கப்பல் டிக்கெட் கவுண்டரில் ஓர் ஆள் நிற்கிறான். கப்பல் எப்போது என்று கேட்கிறான். “கல் ஜாயேகா, நாளைக்குப் போகும்” என்கிறார்கள். மறுநாளும் வருகிறான். மறுநாளும் அதே பதில். ஒத்திகையில் அந்த வரி வரும்போது தகரக் கூரை அதிரும். நான் காதைப் பொத்திக்கொள்வேன். அன்று மேடையில் அதே வரி, தெளிவான கிட்டாரின் மேல், துள்ளிக் குதித்து வந்தது. கப்பலுக்காகக் காத்து நிற்காதவர் அந்த அரங்கில் யாரும் இல்லை. முதல் தடவை சிரித்தார்கள். இரண்டாம் தடவை கை தட்டினார்கள். மூன்றாம் தடவை எல்லோரும் சேர்ந்து, “கல் ஜாயேகா!” என்று கூவினார்கள். அப்பா தொடையில் தாளம் போட்டார்.

அம்மா மட்டும் தட்டவில்லை. பாதிப் பாட்டில் எழுந்து வெளியே போய்விட்டார். ஜெனரேட்டர் புகை ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்தேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் அப்பா மாமாவின் தோளில் கை போட்டார். “இதத்தான மாப்ள இத்தன நாளாச் சொன்னேன்! என்னா ஜாலியா இருந்துச்சு. இனிமே இப்படியே வாசி. ரூம் உனக்குத்தான்.”

“சரி மச்சான்.”

வீட்டுக்கு நடக்கும்போது என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. “மாமா, ஸ்பீக்கர நாந்தான் ஒட்டினேன்.”

“தெரியும் பாப்பா. உன் யூனிஃபார்ம் துணி.”

“நல்லா இருந்துச்சா?”

“நல்லா ஒட்டியிருக்க. பிசிறே இல்ல.”

நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது வேறு. அந்த வேறுபாடு தெரியாமல், பாராட்டு என்றே அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பத்து நாளில் மாமா கார் நிக்கோபார் வேலையை ஏற்றுக்கொண்டார். அப்பா திகைத்துப்போனார். “ரூமத்தான் குடுத்தாச்சே, இன்னும் என்ன வேணும் இவனுக்கு?” என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். துறைமுகத்தில் மாமா பெட்டியைச் சாக்கில் சுற்றித் தோளில் ஏற்றிக்கொண்டார். வழியனுப்ப வந்த பங்காளி அண்ணன் டிரம் குச்சிகளைக் கையில் உருட்டியபடி நின்றார். ஸ்பீக்கரையே சரிசெய்து கொடுத்தும் ஏன் போகிறார் என்று எனக்கு மாமாவின் மேல் வருத்தம். அந்த வருத்தத்தைப் பல ஆண்டுகள் வைத்திருந்தேன்.

நான் பட்டப்படிப்பை முடித்த ஆண்டு, மாமா கார் நிக்கோபாரிலிருந்து நீண்ட விடுப்பில் வந்தார். அங்கே தேவாலயத்தில் கிட்டார் வாசிக்கும் நிக்கோபாரி இளைஞர்கள் சிலரோடு சேர்ந்து வாசிப்பதாகச் சொன்னார். அதே பெட்டியும் வந்திருந்தது. அவர் குளிக்கப் போனபோது, பழைய பழக்கத்தில் அதன் பின்னால் எட்டிப் பார்த்தேன். என் நான்கு ஒட்டுகளும் அப்படியே இருந்தன. கட்டங்களின் நீலம் வெளுத்திருந்தது; ஓர் ஓரம்கூடப் பிரியவில்லை. அவற்றுக்கு நடுவில், ஒட்டுகளைத் தொடாமல் விலகி, புதிதாக நான்கு கீறல்கள். ஒவ்வொன்றும் நேர்கோடு.

மாமா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் தாமதமாக அந்தக் கேள்வியைக் கேட்டேன். “மாமா, கிட்டார் ஏன் கரகரன்னு கேக்குது?”

“அந்தச் சத்தம் வேணும்னுதான். அதுக்குன்னு ஒரு பெடல் இருக்கு, காலால மிதிச்சாப் போதும். அப்ப ஆர்டர் போட்டா இந்த பின்கோடுக்கு டெலிவரி இல்லன்னுட்டான். பிளேடு பக்கத்துக் கடையிலயே கிடைச்சுது.”

“எப்பக் கிழிச்சீங்க?”

“ஊர்ல அப்பா தவறிட்டாருன்னு போயிட்டு வந்தோம்ல, அந்த வாரம்.”

அம்மாவின் அப்பா இறந்த செய்தி வந்த நாள்கள் எனக்கு நினைவிருந்தன. விமானச் சீட்டு கிடைக்கவில்லை. அம்மாவும் மாமாவும் தினமும் காலையில் கவுண்டருக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். புயல் எச்சரிக்கையால் கப்பல் இரண்டு முறை ஒத்திவைக்கப்பட்டது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பாட்டில் கவுண்டரில் நிற்கும் ஆள் யார் என்றும், அம்மா ஏன் எழுந்து போனார் என்றும், அப்பாவின் ‘ஜாலி’ என்ற ஒற்றைச் சொல் எங்கே போய்த் தைத்திருக்கும் என்றும் அப்போதுதான் விளங்கியது.

“கையில பிளேடு இருந்துச்சே மாமா. அன்னைக்கே கிழிச்சிருக்கலாமே?”

“நீ ரெண்டு கட்டை விரலையும் தூக்கிக்கிட்டு நிக்கிற. எப்படிக் கிழிக்க?” என்று சிரித்தார். பிறகு, “நோட்டு நிறையக் கேட்டியே பாப்பா. இத மட்டும் ஏன் கேக்கல?” என்றார்.

சங்கடப்படுவீர்கள் என்று நினைத்தேன் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கிட்டாரின் வயரைப் பெட்டியில் செருகினார்.

இப்போது என் வேலை, அரசின் வீட்டுக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகச் சென்று, பழுதானவை என்று எனக்குப் படுபவற்றையெல்லாம் படிவத்தில் குறிப்பது. குறிப்பதற்கு முன், வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தப் படிவத்தில் அந்தக் கேள்வி கிடையாது, மேலே இருக்கும் வெற்றிடத்தில் நானே எழுதிக்கொள்கிறேன்: “இது இப்படியே இருக்கட்டுமா?”