வருஷத்துக்குக் கீழே நட்சத்திரம்

ஒரு ரூபாய் நாணயம் சேர்ப்பதற்கு ஆகும் செலவு ஒரு ரூபாய். இதை என் வீட்டுக்காரருக்குப் புரியவைக்க மூன்று வருஷம் பிடித்தது. நாணயம் சேர்க்கிறவர்கள் எல்லாம் கடைசியில் வீட்டை விற்பார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். இத்தனைக்கும் அவர் ஒரு காலத்தில் மீன்தொட்டி வைத்திருந்தவர். தொட்டி, மோட்டார், கலர் கல், மீன், மீனுக்குத் தீனி என்று வாங்கிக் குவித்தார். நாலு மாதத்தில் மீன்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. தொட்டியில் இப்போது வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன். என் நாணயங்களில் இதுவரை ஒன்றும் செத்ததில்லை.

நான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். தறிக்காரர்களுக்குப் பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுக்கிற கவுன்ட்டர். ஜரிகையைப் பார்க்க மேஜைமேல் ஒரு லென்ஸ் கிடக்கும். அந்த லென்ஸ்தான் என்னைக் கெடுத்தது. ஆள் வராத ஒரு மத்தியானம் பர்ஸிலிருந்த ஒரு ரூபாயை அதற்குக் கீழே வைத்துப் பார்த்தேன். வருஷத்துக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளி இருந்தது. இன்னொரு காசில் வைரம். இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. விசாரித்ததில் புள்ளி என்றால் நொய்டா, வைரம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், ஒன்றும் இல்லை என்றால் கொல்கத்தா, அந்தந்த ஊரில் அடித்த காசு என்று தெரிந்தது. ஆக, ஒரு வருஷத்துக்கு நாலு காசு வரை தேடலாம். ரிட்டையர் ஆகிற வரைக்கும் வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரில் இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும்தான் என்றும் நினைத்திருந்தேன். மாவு மில்லில் அந்த நினைப்பு போயிற்று. எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பெரிய காஞ்சிபுரத்திலேயே ஒரு மில். மில்லை ஒரு அம்மாள் பார்த்துக்கொண்டாள், அவள் வீட்டுக்காரர் உள்ளே தறி நெய்வார். நான் மிளகாய் அரைக்கப் போயிருந்தேன். மீதிச் சில்லறை கொடுக்கும்போது ஒரு ரூபாயை மட்டும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுக் கல்லாவுக்கு அடியில் தள்ளினாள். வேறு ஒரு ரூபாயை எடுத்து நீட்டினாள்.

"அந்தக் காசையே குடுங்க."

"ரெண்டும் ஒரு ரூவாதாம்மா. இத்த எட்த்துக்கினு போ."

"ரெண்டும் ஒண்ணுதான்னா அதையே குடுத்துடுங்களேன்."

ஒரு ரூபாய்க்காக இரண்டு பெண்கள் கால் மணி நேரம் நின்று சண்டை போட்டோம். மிளகாய் நெடியில் பின்னால் நின்றவர்கள் தும்மிக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அவள் குரலைத் தாழ்த்தி, "நீயும் கீழ பாக்கறியா?" என்றாள். அன்றையிலிருந்து அவள் எனக்கு அக்கா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மில் லீவு. பன்னிரண்டு வருஷம், அநேகமாக எல்லா ஞாயிற்றுக்கிழமையும், மில்லை ஒட்டிய, மாவு படிந்த அவள் வீட்டு ஹாலில் ஆளுக்கொரு ஆல்பத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

சட்டம் போட்டது அக்காதான். காசைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது. கடையிலோ பஸ்ஸிலோ மீதிச் சில்லறையாக நம் கைக்கு வந்த காசுதான் சேர்த்தி. எங்கள் இருவருக்குள் மட்டும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் இரண்டு பேரும் மனசார ஒப்புக்கொள்ள வேண்டும். என் தம்பி மகன் ஒருநாள் போனில் காட்டினான், எனக்கு இல்லாத ஒரு காசு முந்நூறு ரூபாய்க்கு வீடு தேடி வருகிறது என்று. அக்காவிடம் சொன்னேன்.

"முன்னூறு ரூவா குட்த்தா அது இன்னாமா சேக்கறது? அது ஷாப்பிங். ஒரு மாசம் பண்ணுவ, அப்பறம் கை கடிக்கும், வுட்டுடுவ. சாவற வரைக்கும் செய்யணும்னா ஓசியா இருக்கணும்."

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு இந்த விஷயத்தைச் சொன்னதில்லை. முந்நூறு ரூபாயை மிச்சம் பிடித்தேன்.

அந்த இல்லாத காசைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு குறிப்பிட்ட வருஷம், கீழே நட்சத்திரம். எந்த வருஷம் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் ஆளாளுக்குத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் யாரோ கேழ்வரகு அரைக்க வந்தவர் கொடுத்த சில்லறையில் அது அக்காவுக்குக் கிடைத்தது. மற்ற எல்லாமே என்னிடம் இருந்தது. அந்த ஒன்று வந்தால் என் ஆல்பம் முழுமை. அக்காவின் ஆல்பத்தில் அது இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது, ஏற்கெனவே அவளுக்கு ஏழெட்டு ஓட்டை. ஒன்றுக்கு ஐந்து காசு தருகிறேன் என்றேன். பத்து என்றேன். ஓரம் தப்பி அடித்த ஒரு காசு என்னிடம் இருந்தது, அதையும் சேர்த்துத் தருகிறேன் என்றேன். "பாக்கலாம்மா" என்பாள். ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. அற்பக் கோபம் என்று தெரியும், ஆனாலும் வந்தது. மூன்று மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. ஒருநாள் சங்கத்தில் தலை நிமிர்ந்து பார்த்தால் தறிக்காரர்கள் வரிசையில் அக்கா நிற்கிறாள், கையில் பாஸ் புத்தகம் கூட இல்லாமல். அவள் முறை வந்ததும் கவுன்ட்டரில் ஒரு தூக்குவாளியை வைத்தாள். "சத்துமாவு. ஒடம்புக்கு முடியலியோன்னு நென்ச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு போனேன். காசைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இதற்கிடையில் ஊரில் சில்லறையே இல்லாமல் போனது. எல்லோரும் போனைக் காட்டி ஸ்கேன் பண்ண ஆரம்பித்தார்கள். மில்லிலும் ஒரு டப்பா வந்தது. இத்தனை ரூபாய் வந்தது என்று அதுவே கத்தும். "ரூவா வந்துச்சாம். எங்கடி வந்துச்சு, காட்டு" என்று அக்கா அதோடு சண்டை போடுவாள். காசு புழங்கும் இடங்களைத் தேடி அலைந்தோம். ஏகாம்பரநாதர் கோயில் செருப்பு ஸ்டாண்டு, ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோ, பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பிடம். கழிப்பிடத்துக்கு ஒரே நாளில் பத்து ரூபாய் நோட்டோடு மூன்று தடவை போனேன். மீதி கொடுத்தவர் பரிதாபப்பட்டு, சுகர் டெஸ்ட் எடுத்துப் பார்க்கச் சொன்னார்.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை காலை அக்கா இறந்துபோனாள். மில்லைத் திறக்கப் போனவள் ஷட்டரைப் பாதி தூக்கியபடி உட்கார்ந்துவிட்டாள் என்றார்கள். நான் லீவு சொல்லிவிட்டு மாலை வாங்கிக்கொண்டு போனேன். ஹாலில், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் உட்காரும் இடத்திலேயே கிடத்தியிருந்தார்கள். குனிந்து மாலையைப் போட்டேன். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. அதன்மேல், வழக்கப்படி, ஒரு ரூபாய் நாணயம்.

வருஷம் மேல் பக்கமாக இருந்தது. அதே வருஷம். கீழே நட்சத்திரம்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். நான் அழுவதாக நினைத்துப் பக்கத்திலிருந்தவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அழுதுகொண்டும்தான் இருந்தேன், ஆனால் கண்ணாடியைத் துடைத்தது அதற்காக இல்லை.

அவள் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். "நெத்திக்கு வெக்க ஊட்ல ஒரு ரூவா காசு இல்லக்கா. கல்லாவுல அஞ்சு ரூவாதான் கீது. முக்குக் கடைல கேட்டா எல்லாம் ஸ்கேனுதான்றான். பத்து ரூவா காசு ஒண்ணு குட்த்தான்." காஞ்சிபுரத்தில் பத்து ரூபாய் நாணயத்தை உயிரோடு இருப்பவர்களே வாங்குவதில்லை. "அப்பாதான் உள்ள போய் எங்கியோ தேடி எட்த்துக்கினு வந்தாரு."

எங்கே தேடியிருப்பார் என்று எனக்குத் தெரியாதா? நூற்றைம்பது காசு இருக்கிற ஆல்பத்தில், கொத்துக் கொத்தாக டூப்ளிகேட் இருக்கும்போது, அந்த மனுஷன் கை அதன்மேலா போக வேண்டும்? அக்கா போய்விட்ட துக்கமும் அந்தக் காசு போகப்போகிற துக்கமும் ஒன்றாகக் கலந்துவிட்டன. எது எவ்வளவு என்று அப்போது கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. தெருமுனையோடு அந்த நட்சத்திரம் என் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

மத்தியானம் குளிப்பாட்டப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார்கள். புடவைகளைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள், பெண்கள் மட்டும் உள்ளே இருந்தோம். அக்காவின் நாத்தனார் நெற்றியிலிருந்த காசை எடுத்தாள். வைக்க இடம் தேடிச் சுற்றிலும் பார்த்தாள். என் கையில் கொடுத்தாள்.

"இத்தப் புட்ச்சிக்கோமா. பொட்டு வெச்சப்பறம் குடு."

ஆறு வருஷம் கேட்டது உள்ளங்கையில் இருந்தது, குங்குமம் ஒட்டிக்கொண்டு. என் இடுப்புப் பர்ஸில் வேறு ஒரு ரூபாய் இருந்தது, அதற்கு முந்தைய வாரம் கிடைத்த சாதாரணக் காசு. நான் எடை போடுகிறவள், ஒரு தட்டுக்கு மறு தட்டு என்றே யோசித்துப் பழக்கம். இது திருட்டு இல்லை, மாற்றிக்கொள்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய். சட்டத்தில் இடம் இருக்கிறது. இரண்டு பேரும் மனசார ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறதே என்று அக்காவின் முகத்தைப் பார்த்தேன். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பட்டுப்புடவை சுற்றி, பூ வைத்து, பொட்டு வைத்தார்கள். நாத்தனார் கையை நீட்டினாள். என் காசைக் கொடுத்தேன். அவள் பார்க்காமல் வைத்தாள். சிங்கம் மேலே இருந்தது, வருஷம் அடியில். வாய்க்கரிசியை அக்காவின் முகத்தைப் பார்க்காமல் போட்டேன். அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் தலைக்குக் குளித்துவிட்டு, அந்தக் காசைக் கழுவாமல் ஆல்பத்தில் வைத்தேன். ஓட்டை அடைபட்டது. முழுமை. பக்கங்களை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை புரட்டினேன், பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. மறுநாள் பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த சில்லறையைப் பார்க்காமலே பர்ஸில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சும்மா படுத்திருந்தேன். உடம்பு சரியில்லையா என்று வீட்டுக்காரர் கேட்டார். இல்லை, அக்கா இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது என்றேன். அவர் போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து அக்காவின் வீட்டுக்காரர் ஆள் விட்டுக் கூப்பிட்டனுப்பினார். போனேன். மில் மூடியிருந்தது. அவர் தறியிலிருந்து எழுந்து வந்து அக்காவின் ஆல்பத்தை என் மடியில் வைத்தார். "நீயே வெச்சிக்கோமா. எங்களுக்கு இத்தப் பாக்கத் தெரியாது" என்றார். பிரித்தேன். அந்த வருஷத்துக்கான இடத்தில் மும்பையும் நொய்டாவும் கொல்கத்தாவும் இருந்தன. நட்சத்திரம் இருக்க வேண்டிய உறையில் அவள் வேறு ஏதோ காசைப் போட்டு வைத்திருந்தாள், அதுவும் பழைய காசு, அந்த உறையில் ரொம்ப நாளாக இருப்பது. அந்தக் கோபத்துக்குப் பிறகு அவள் ஆல்பத்தில் அந்தப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். கோயிலில் குங்குமம் கொடுக்கிற சின்னக் காகிதக் கவர், காலியாக இருந்தது. அதன்மேல் அக்காவின் கோணல் எழுத்து. 'சங்கத்து அம்மாவுக்கு. ரிட்டையர் அன்னிக்கு.'

"அவ புக்குல கை வெச்சா திட்டுவாளேன்னு அத்தத் தொடலமா. சாமி மாடத்துல இந்தக் கவருல தனியா ஒரு காசு இருந்துச்சு. கண்ணாடி போட்டுக்கல, இன்னா எழுதிகீதுன்னு பாக்கல. எட்த்து வெச்சிட்டேன். நேத்துதான் படிச்சேன்."

ரிட்டையர் ஆக எனக்கு ஏழு மாதம் இருந்தது. ஏன் ரிட்டையர் அன்றைக்கு என்று கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"இப்பவே குட்த்துட்டா முடிஞ்சிச்சின்னு வராம பூடுவா, ரிட்டையர் ஆயிட்டா வேற எங்க போவப்போறா, அப்ப குட்த்தாலும் ஞாயித்துக்கெழம வருவான்னு சொல்லிக்கினே இருப்பா. எந்தக் காசு, எங்க வெச்சிகீறான்னு மட்டும் சொன்னதில்ல." அவர் கண்ணைத் துடைத்தார். "உனக்குன்னு வெச்சத நான் கொண்டும்போய் நெருப்புல போட்டுட்டேன்மா. அங்க யாரு எட்த்தாங்களோ, இன்னா ஆச்சோ. மன்ச்சிக்கோமா."

அந்த நேரத்தில் அந்தக் காசு என் வீட்டு பீரோவில், ஆல்பத்தின் மூன்றாம் பக்கத்தில், குங்குமத்தோடு இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எழுபது வயது மனுஷர் கை கூப்பிக்கொண்டு நின்றார்.

"பரவால்லண்ணா. காசுதானே" என்றேன்.

"பெரிய மனசும்மா உனக்கு" என்றார். உள்ளே போய் காபி கொண்டுவந்தார். குடித்தேன். அவரை மன்னித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.