மீட்டருக்குப் பின்னால்

கார்க் கதவைத் திறந்ததும் கன்னியப்பன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மீட்டரை மூடிவிடுகிறார். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதை அவர் கடைசியில்தான் பார்ப்பார். "அது சொல்றத மொதல்ல கேட்டுட்டா, அப்புறம் கண்ணும் அதுக்கே ஒத்து ஊதும்" என்பார்.

அடுத்தது கால்மிதிகள். கிளச்சு மிதியின் ரப்பரைப் பெருவிரலால் தடவுகிறார். தேய்ந்திருந்தால் ஒரு கணக்கு. புத்தம் புதிதாக இருந்தால் சந்தேகம் கூடிவிடும். டிரைவர் சீட்டின் பள்ளத்தைப் பக்கத்துச் சீட்டோடு ஒப்பிடுகிறார். கால்விரிப்பைத் தூக்கி மோந்து பார்க்கிறார். மீன்கூடை ஏற்றிய வண்டி எத்தனை முறை கழுவினாலும் தெரிந்துவிடுமாம். கதவின் அடிவிளிம்பை விரலால் சுண்டிக் காதைக் கொடுக்கிறார். கடற்காற்றில் வருஷக்கணக்காக நின்ற தகரம் மந்தமாகப் பதில் சொல்லும்.

பிடிக்காவிட்டால் "பா போன்" என்கிறார். நல்லதில்லை என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரத் துரை ஒருவரிடம் ஒன்பது வருஷம் டிரைவராக இருந்ததில் ஒட்டிக்கொண்டது. அவர் அப்படிச் சொன்ன வண்டியைப் புதுச்சேரியில் யாரும் வாங்குவதில்லை.

துரைமார்கள் கப்பலேறி ஏழு வருஷமாகிறது. அவர்கள் விட்டுப்போன கார்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு கையிலும் காருக்கு வயது குறைகிறது. ஆகவே கன்னியப்பனுக்கு வேலை குறையவில்லை.

உட்காரத் தெரியாத மனிதர். டீயை நின்றபடி, அதுவும் ரோட்டைப் பார்த்து நின்றபடிதான் குடிக்கிறார். புதிதாக ஓர் இன்ஜின் சத்தம் கேட்டால் கிளாஸ் பாதியில் நிற்கும். "சோத்துல கைய வச்சிக்கினு வாசலுக்கு ஓடுது இந்த ஆளு. கட்டிக்கினது என்னியா, காரையான்னு தெரியல" என்கிறாள் மனைவி வரலட்சுமி.

போன செவ்வாய்க்கிழமை அவரை ரெட்டியார்பாளையத்துக்கு அழைத்துப் போனவர் கலியமூர்த்தி. திருபுவனைப் பக்கத்து விவசாயி. இரண்டு காணி நிலத்தை விற்றுவிட்டு வந்திருந்தார். விழுப்புரத்துக்கு வாடகைக் கார் விட வேண்டும் என்று ஆசை. தரகர் ராமதாஸின் கொட்டகை முன்னால் பச்சை நிறத்தில் ஒரு பிரெஞ்சுக் கார் நின்றது. மீட்டரில் நாற்பத்தோராயிரம்.

துண்டு, மிதி, சீட்டு, விரிப்பு எல்லாம் ஆயிற்று. கன்னியப்பன் சீட்டில் சரிந்து மீட்டருக்குப் பின்னால் கையை விட்டார். கை அங்கேயே நின்றுவிட்டது.

"இன்னா கன்னியப்பா, அப்பிடியே கெடக்கற? தேளு கீளு கொட்டிச்சா?" என்றார் கலியமூர்த்தி.

மீட்டருக்குப் போகும் கேபிளை யாரோ செம்புக் கம்பியால் கட்டியிருந்தார்கள். மெக்கானிக் கட்டினால் கம்பியை முறுக்கி விடுவான். இது வலை பின்னுகிறவன் போடும் முடிச்சு. கன்னியப்பன் மீனவர் வீட்டுப் பிள்ளை. ஸ்டீயரிங் பிடிப்பதற்கு முன்பே பிடித்தது வலை ஊசி. முடிச்சு அவர் போட்டதுதான். துரையிடம் இருந்தபோது இதே கார் கறுப்பு. துரை அதை விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. எண்பத்தாறாயிரத்தை இருபத்திரண்டாயிரமாக்கச் சொன்னார். கன்னியப்பன் செய்தார். கழற்றியபோது கேபிளின் பிடி உடைந்தது. கையில் கிடைத்த கம்பியால் கட்டினார். போகும்போது துரை ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். நேர்மையான டிரைவர் என்று. அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் முதன்முதலில் அவரைக் கார் பார்க்கக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்தார். "பா போன். வாண்ணே, போலாம்."

ராமதாஸ் வழியை மறித்தார். "யோவ், காரணத்த சொல்லிட்டுப் போய்யா. இன்ஜின் பூனக்குட்டி மாதிரி கத்துது."

"லட்சத்துக்கு மேல ஓடிருக்குது. மீட்டர திருப்பி வச்சிருக்குது."

"எவன் திருப்பினான்? நீ பாத்தியா? வேற எவனோ கமிஷன் தர்றேன்னிருப்பான், அத சொல்லு. சாயந்தரம் மெட்ராசு பார்ட்டி வருது. நா அவுங்களுக்கே குடுத்துர்றேன்."

கலியமூர்த்தி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மடியை ஒரு கை அழுத்திக்கொண்டிருந்தது. "ஏம்ப்பா, நெலத்த வித்துட்டு வந்து நிக்கறேன். இத வுட்டா இந்த வெலைக்கு வேற வண்டி கெடைக்காதுங்கறாரு. சும்மா வேணாம் வேணாம்னா எப்பிடி? எதாவது காட்டு. இல்லாட்டி நா துணிஞ்சி வாங்கிர்றேன்."

கன்னியப்பன் காரைச் சுற்றி நடந்தார். இரண்டாம் முறையும் நடந்தார். கிளச்சு ரப்பர் புதிது என்றால், புதிது நல்லதுதானே என்பார் ராமதாஸ். சீட்டுக்கு உறை மாற்றியிருந்தது. காட்டுவதற்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைக் காட்டிய பிறகு அவரை யாரும் கார் பார்க்கக் கூப்பிடப் போவதில்லை.

மூன்றாம் சுற்றில் கொட்டகை வாசலில் குனிந்தார். குப்பையிலிருந்து துண்டுக் கம்பி ஒன்றைப் பொறுக்கினார்.

"எவன் திருப்பினான்னு கேட்டியே ராமதாசு."

இடது கட்டைவிரலில் கம்பியைச் சுற்றி, மடக்கி, உள்ளே கொடுத்து ஒரே இழுப்பில் இறுக்கினார். பார்க்காமலே போட்டார். முடிச்சைக் கலியமூர்த்தியின் இடது உள்ளங்கையில் வைத்தார். பிறகு அவரைக் காருக்குள் குனியவைத்து, வலது ஆள்காட்டி விரலைப் பிடித்து, மீட்டருக்குப் பின்னால் கொண்டுபோனார்.